வசனத்தில் இல்லாத குதிரை

கேள்வி:

அன்புள்ள ஐயா, எனக்கு 48 வயது. 16 வருடங்களாக எங்கள் சபையில் வாலிபர் வேதபாட வகுப்பை நடத்திவருகிறேன். நான்கு மாதங்களுக்கு முன், சவுல் மனந்திரும்பிய பகுதியை நடத்தினேன். 'குதிரையிலிருந்து விழுந்த சவுல்' என்று சொல்லி, அந்தக் குதிரையை வைத்தே பெருமையைப் பற்றி உருக்கமாகப் பேசினேன். வகுப்பில் இருந்த ஒரு தம்பி, 22 வயது இருக்கும், கையைத் தூக்கி, "அண்ணா, வசனத்துல குதிரையே இல்லையே" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். வேதத்தைப் பார்த்தேன், இல்லை. "நன்றி தம்பி, நல்லா கவனிச்சிருக்கே" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு அவன் எதைச் செய்தாலும் எனக்குக் குறைதான் தெரிகிறது. அவன் ஜெபித்தால், 'காட்டிக்கொள்வதற்காக ஜெபிக்கிறான்' என்று தோன்றுகிறது. இது என் பெருமைதான் என்று உணர்ந்து மூன்று நாள் உபவாசித்தேன். உபவாசம் முடிந்த அன்றே, 'தன் பெருமையை உணர்ந்து இப்படி உபவாசிக்கிறவர்கள் இந்தச் சபையில் எத்தனை பேர்?' என்று நினைத்தேன். ஆராதனை முடிந்ததும் யாரும் சொல்லாமலே நாற்காலிகளை அடுக்கிவைக்க ஆரம்பித்தேன். யாராவது பார்க்கிறார்களா என்று கண் தேடியது. மனைவியிடம் இதையெல்லாம் சொன்னேன். "சபையில நீங்க பேசுற குரல் வேற, வீட்ல பேசுற குரல் வேற" என்று மட்டும் சொன்னாள்.

யாராவது 'நல்லா நடத்துறீங்க' என்று பாராட்டினால் சந்தோஷப்படுவதும் பாவமா? ஊழியத்தையே விட்டுவிடலாமா? 'தாழ்மையைத் தாரும்' என்று ஜெபிக்கவும் பயமாக இருக்கிறது. ஆண்டவர் என்னை எல்லார் முன்பும் அவமானப்படுத்தி உடைத்துவிடுவாரோ என்று.

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை குதிரைதான் மனதில் நின்றது. இரண்டாம் தடவை படிக்கும்போது வேறொன்று கண்ணில் பட்டது. இந்த நான்கு மாதத்தில் நீங்கள் உபவாசித்திருக்கிறீர்கள், நாற்காலி அடுக்கியிருக்கிறீர்கள், மனைவியிடம் மனம்திறந்து பேசியிருக்கிறீர்கள், முன்பின் பார்த்திராத எனக்கு இவ்வளவு நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்தத் தம்பியிடம் போய், "நீ சொன்னது சரி, நான்தான் இத்தனை வருடம் தவறாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன்" என்று சொன்னதாக மட்டும் கடிதத்தில் எங்கேயும் இல்லை.

வகுப்பில் 'நன்றி தம்பி' என்று சொன்னீர்களே என்று கேட்பீர்கள். சொன்னீர்கள். கூடவே 'நல்லா கவனிச்சிருக்கே' என்றும் சொன்னீர்கள். ஆசிரியர் மாணவனைத் தட்டிக்கொடுக்கிற பேச்சு அது. அதைச் சொல்லும்போதும் நீங்கள் மேலேதான் இருந்தீர்கள், அவன் கீழேதான் இருந்தான். அவன் உங்களைத் திருத்தினான். நீங்கள் அவனுக்கு மதிப்பெண் போட்டீர்கள். உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. நானும் இதே வாக்கியத்தைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன், அதனால்தான் அதன் சுவை எனக்குத் தெரிகிறது. அன்று இரவு உங்களைத் தூங்கவிடாமல் செய்தது, சொல்லாமல் விட்ட அந்த ஒரு வாக்கியம்தான் என்று நினைக்கிறேன்.

குதிரையைப் பற்றி முதலில் ஒரு ஆறுதல். அந்தத் தவறைச் செய்தது நீங்கள் மட்டும் இல்லை. சவுல் மனந்திரும்பின சம்பவம் அப்போஸ்தலர் நடபடிகளில் மூன்று இடத்தில் வருகிறது: 9, 22, 26-ஆம் அதிகாரங்கள். மூன்றிலும் குதிரை கிடையாது. குதிரையைக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் ஓவியர்கள். கரவாஜ்ஜியோ 1601 வாக்கில் வரைந்த புகழ்பெற்ற ஓவியம் இன்றைக்கும் ரோமில் ஒரு தேவாலயத்தில் இருக்கிறது. படத்தின் பெரும்பகுதியை நிறைத்துக்கொண்டு நிற்பது குதிரைதான், சவுல் அதன் காலடியில் கிடக்கிறார். அப்படிப்பட்ட படங்களைப் பார்த்தும், பார்த்தவர்கள் சொல்லக் கேட்டும் எத்தனையோ பிரசங்கிகள் அந்தக் குதிரையில் ஏறியிருக்கிறார்கள்.

சரி, குதிரையை எடுத்துவிட்டால் அந்த அதிகாரத்தில் என்ன மிஞ்சுகிறது? உங்கள் கேள்விக்கான பதில் நீங்கள் நடத்திக்கொண்டிருந்த பாடத்திலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். குதிரையிலிருந்து விழுவது ஒரு நொடியில் முடிந்துவிடும். பார்ப்பதற்கும் பெரிதாக இருக்கும். வசனத்தில் இருப்பதோ மெதுவாக நடக்கிறது.

அவர் தரையிலே விழுகிறார். எழுந்து கண்ணைத் திறந்தால் பார்வை இல்லை. 8-ஆம் வசனம் சொல்கிறது: "அப்பொழுது கைலாகு கொடுத்து, அவனைத் தமஸ்குவுக்குக் கூட்டிக்கொண்டுபோனார்கள்." பிரதான ஆசாரியரிடம் நிருபங்கள் வாங்கி, இயேசுவின் வழியைப் பின்பற்றுகிறவர்களைக் கட்டி இழுத்துவரப் புறப்பட்ட மனிதர். பேர்பெற்ற யூத போதகரான கமாலியேலின் பாதத்தருகே படித்தவர். தன்னோடு வந்தவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியும் அவர்கள் சொல்லக் கேட்டு, ஊருக்குள் நடக்கிறார். மூன்று நாள் சாப்பாடும் இல்லை, தண்ணீரும் இல்லை.

ஆண்டவர் அவரோடு நேரில் பேசினார் அல்லவா? 'நீ துன்பப்படுத்துகிற இயேசு நானே' என்று அவ்வளவு தெளிவாகத் தம்மை யாரென்று சொன்னவர், அடுத்து என்ன செய்யவேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பட்டணத்துக்குள் போ, அங்கே உனக்குச் சொல்லப்படும் என்றார். சொல்வதற்கு யாரை அனுப்பினார்? பேதுருவை இல்லை, யோவானை இல்லை. அனனியா என்று ஒரு சீஷன். இந்தச் சம்பவத்துக்கு வெளியே அவனைப் பற்றி வேதத்தில் நமக்கு எதுவும் தெரியாது. அவனுக்கே சவுலிடம் போகப் பயம். போனான், கைகளை வைத்தான், "சகோதரனாகிய சவுலே" என்று கூப்பிட்டான்.

உங்கள் வகுப்பில் அந்தத் தம்பி எப்படி ஆரம்பித்தான்? 'அண்ணா' என்று.

நான் உங்களிடம் சொல்ல நினைப்பது இதுதான். பெருமையை நமக்கு உள்ளே தேடிப்பிடித்து வேரோடு பிடுங்க முயல்கிறோம். ஆண்டவர் பெரும்பாலும் வேறு வழியில் வேலை செய்கிறார். இன்னொரு மனிதனை அனுப்புகிறார். பல நேரம் நம்மைவிட வயதில், அனுபவத்தில், பேரில் சிறியவனை. அவன் சொல்வதை ஏற்றுக்கொள்கிறோமா என்பதில்தான் தாழ்மை இருக்கிறது. உங்களுக்கு அனனியா வந்து நான்கு மாதமாகிறது. நீங்கள் இன்னும் உபவாச அறையில் தனியாகப் பார்வைக்காகக் காத்திருக்கிறீர்கள்.

உபவாசமும் நாற்காலியும் ஏன் கைகொடுக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எகிப்தின் வனாந்தரத் துறவிகளிடம் கற்றுவந்த யோவான் காசியன் என்ற துறவி, வீண்புகழைப் பற்றி மூத்த துறவிகள் சொன்ன ஒரு உவமையை எழுதிவைத்திருக்கிறார். அது வெங்காயம் மாதிரியாம். ஒரு தோலை உரித்தால் அடியில் இன்னொரு தோல். உங்களுக்கு நடந்தது அதேதான். பெருமை போகவேண்டும் என்று உபவாசித்தீர்கள், உபவாசத்தைப் பற்றியே பெருமை வந்தது. அதற்காக மனம் வருந்தினீர்கள், நாளைக்கு அந்த வருத்தத்தைப் பற்றியும் வரும். உங்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிற வரைக்கும் இதற்கு முடிவு கிடையாது. என் அறையில் வந்து உட்கார்ந்தவர்களில், தன் பெருமையை நினைத்து அதிகமாக அழுதவர்கள் சிலர், தன்னைத் தவிர வேறு யாரைப் பற்றியும் பேசாமலே எழுந்து போயிருக்கிறார்கள். அவர்கள் கண்ணீர் பொய் இல்லை. ஆனால் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

அதற்காக நாற்காலி அடுக்குவதை நிறுத்தவேண்டாம். எண்ணத்தில் கலப்படம் இருக்கிறது என்பதற்காக நல்ல வேலையை விட்டுவிட்டால், நாற்காலிகள் அப்படியே கிடக்கும், எண்ணமும் சுத்தமாகாது. கண் தேடினால் தேடட்டும், "ஆண்டவரே, பாரும், மறுபடியும் தேடுகிறேன்" என்று மனதுக்குள் சொல்லிவிட்டு அடுத்த நாற்காலியை எடுங்கள். கொஞ்ச நாளில் அது உங்களுக்கே பழகிப்போன வேலையாகிவிடும். பழகிப்போன வேலையில் பெருமைக்கு அவ்வளவாகத் தீனி கிடைக்காது.

இப்போது நீங்கள் கேட்ட இன்னொன்று. பாராட்டினால் சந்தோஷப்படுவது பாவமா? இல்லை. தமிழில் நமக்கு இங்கே ஒரு சொற்குழப்பம் இருக்கிறது. வேதத்தில் 'பெருமை' என்று வாசித்து வாசித்து, அந்தச் சொல்லே நமக்குப் பாவத்தின் பெயராகிவிட்டது. ஆனால் திருக்குறளில் 98-ஆவது அதிகாரத்தின் பெயரே பெருமைதான், உயர்ந்த பண்பு என்ற பொருளில். பெரியவர்கள் எப்போதும் பணிவார்கள், சிறியவர்கள் தங்களைத் தாங்களே மெச்சிக்கொள்வார்கள் என்பதும் அந்த அதிகாரத்தில்தான் வருகிறது. பிள்ளையைப் பார்த்து அம்மா 'பெருமையா இருக்கு' என்றால் அதில் பாவம் எங்கே இருக்கிறது? அகந்தை, மேட்டிமை, இறுமாப்பு, செருக்கு என்று நம்மிடம் வேறு சொற்கள் இருக்கின்றன. வேதம் கண்டிக்கிற விஷயத்துக்கு அவை இன்னும் நெருக்கம்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு உதவிய வசனம் கலாத்தியர் 6:4. தன் வேலையைத் தானே சோதித்துப் பார்க்கிறவனுக்கு, "மற்றவனைப் பார்க்கும்போதல்ல, தன்னையே பார்க்கும்போது" மேன்மைபாராட்ட இடமுண்டாகும் என்கிறார் பவுல், அதாவது அதே சவுல். ஒரு பாடத்தைக் கஷ்டப்பட்டுத் தயாரித்து, அது பிள்ளைகளுக்குப் புரிந்தது என்று அறியும்போது வருகிற சந்தோஷம் வேலைக்காரனுக்குரியது. அதை அனுபவியுங்கள். யாராவது பாராட்டினால் "நன்றி, சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் 'எல்லாம் கர்த்தருடைய கிருபை, நான் ஒன்றுமில்லை' என்று நீட்டவேண்டியதில்லை. மனதார வந்தால் சொல்லுங்கள். வாய்ப்பழக்கமாக வந்தால், அது எதிரில் இருப்பவரை இன்னும் கொஞ்சம் பாராட்டவைப்பதில்தான் முடிகிறது.

சந்தோஷம் எப்போது கெட்டுப்போகிறது என்றால், பக்கத்தில் இன்னொருவன் வந்து நிற்கும்போது. இயேசு சொன்ன உவமையில், ஒரு ஆயக்காரனோடு (வரி வசூலிப்பவனோடு) தேவாலயத்துக்கு ஜெபிக்கப்போன பரிசேயனைப் பாருங்கள். அவன் வாரத்தில் இரண்டு தரம் உபவாசித்தது பொய் இல்லை, தசமபாகம் கொடுத்ததும் பொய் இல்லை. அவன் ஜெபத்தில் "இந்த ஆயக்காரனைப்போலவும்" என்று ஒரு வார்த்தை நுழைகிறது. தேவனோடு பேசிக்கொண்டிருந்தவனின் கண் பக்கவாட்டில் போய்விட்டது. 'இப்படி உபவாசிக்கிறவர்கள் இந்தச் சபையில் எத்தனை பேர்?' என்று நீங்கள் நினைத்த அந்த நொடியும் அதே இடம்தான். அதை நீங்களே கண்டுபிடித்து எழுதியிருக்கிறீர்கள், அதனால் நான் மேலே எதுவும் சேர்க்கவில்லை.

உங்கள் மனைவி சொன்னதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே மிக முக்கியமான வரி அதுதான், நீங்கள் அதை வேகமாகக் கடந்துபோயிருக்கிறீர்கள். சபையில் உங்களை 'பிரதர்', 'ஐயா' என்று கூப்பிடுகிறவர்களுக்கு உங்களைப் பற்றித் தெரிந்ததெல்லாம் வாரத்தில் சில மணி நேரம். மீதி நேரமெல்லாம் கூட இருப்பவர் அவர். குரல் வேறாக இருக்கிறது என்றால், எந்தக் குரல் உண்மையானது என்று அவருக்குத் தெரியும்.

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். ஊழியத்தின் ஆரம்ப வருடங்களில், செய்தி கொடுத்துவிட்டு வீடு திரும்பும் வழியில் என் மனைவியிடம், "இன்னைக்கு எப்படி இருந்தது?" என்று கேட்பேன். ஒவ்வொரு வாரமும் கேட்பேன். ஒருநாள் அவர், "நல்லா இருந்தது, ஆனா ஒரே விஷயத்தையே மூணு தடவை சொன்னீங்க" என்றார். நான் பதில் சொல்லவில்லை. வீடு வந்ததும் இரவு வரைக்கும் பேசவில்லை. மறுநாள் அவர், "கேட்டீங்கன்னுதான் சொன்னேன்" என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நான் அத்தனை வாரமும் கேள்வியே கேட்டிருக்கவில்லை, பாராட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் அதைப் பல மாதங்களாகத் தெரிந்தே எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு என் மனதில் ஏற்பட்ட வெட்கம் எந்த உபவாசக் கூட்டத்திலும் எனக்கு வந்ததில்லை.

அதனால் உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் மனைவியிடம், "வீட்டில் என் குரல் எப்போது மாறுகிறது?" என்று கேளுங்கள். அவர் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். விளக்கம் சொல்லாதீர்கள். 'அன்னைக்கு எனக்கு வேலை அதிகம்' என்று ஆரம்பிக்கத் தோன்றும், ஆரம்பிக்காதீர்கள். மறுநாள் வரைக்கும் பதில் சொல்லாமல் இருங்கள். அவர் சொன்னதில் ஒரே ஒரு காரியத்தை, சின்னதாக இருந்தாலும் சரி, மாற்றுங்கள். மாற்றியதை அவரிடம் சொல்லாதீர்கள்.

சேவை செய்வதைவிட சேவையை ஏற்றுக்கொள்வது கஷ்டம். யோவான் 13-ஐ நாம் எப்போதும் கால்களைக் கழுவுகிற பக்கத்திலிருந்தே பிரசங்கிக்கிறோம். கழுவப்படுகிற பக்கமும் இருக்கிறது. லூக்கா சொல்கிறபடி, அந்தக் கடைசிப் பந்தியிலும் சீஷர்களுக்குள் யார் பெரியவன் என்று வாக்குவாதம் வந்தது. அப்படிப்பட்ட ராத்திரியில் ஆண்டவர் சீலையை எடுத்து அரையிலே கட்டிக்கொண்டு குனிகிறார். பேதுரு, "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்கிறான். கேட்பதற்குத் தாழ்மை மாதிரியே இருக்கிறது. ஆனால் ஆண்டவர் அதை ஏற்கவில்லை. தன் அழுக்குக் காலை இன்னொருவர் கையில் கொடுப்பதற்குப் பேதுருவால் முடியவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பேதுருதான் பிற்பாடு, "மனத்தாழ்மையை அணிந்துகொள்ளுங்கள்" என்று எழுதினார். அங்கே கிரேக்க மூலத்தில் வருகிற வினைச்சொல், அடிமைகள் வேலைக்கு முன்னால் இடுப்பில் முடிந்து கட்டிக்கொள்கிற துணியோடு தொடர்புள்ளது. அதை எழுதும்போது அந்த ராத்திரியின் சீலை அவர் கண்முன் வந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன். அந்த வசனம் (1 பேதுரு 5:5) எப்படி ஆரம்பிக்கிறது என்று பாருங்கள்: இளைஞரே, மூப்பருக்குக் கீழ்ப்படியுங்கள். நம்மைப் போல வயதானவர்கள் அந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறோம். அவர் நிறுத்தவில்லை. நீங்களெல்லாரும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியுங்கள் என்று தொடர்கிறார். 48 வயதுக்காரருக்கு 22 வயதுப் பையனும், பையனுக்கு 48 வயதுக்காரரும். உங்கள் பாடத்தில் அவன் காட்டியது ஒரு சின்ன அழுக்கு. அதைக் கழுவத்தான் குனிந்தான்.

பயத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 'தாழ்மையைத் தாரும்' என்று கேட்டால் ஆண்டவர் எல்லார் முன்பும் அவமானப்படுத்துவாரோ என்று. இந்தப் பயம் பலருக்கு இருக்கிறது, வெளியே சொல்வதில்லை. மத்தேயு 11:29-ஐ மறுபடியும் வாசியுங்கள். "நான் சாந்தமும் மனத்தாழ்மையுமாய் இருக்கிறேன்" என்று தம்மைப் பற்றியே சொல்கிறவரிடம்தான் நீங்கள் ஜெபிக்கப் போகிறீர்கள். அடுத்தவனை அவமானப்படுத்தி ரசிப்பது அகந்தையின் குணம். அவரிடம் அது இல்லை. அதே வசனத்தில், தம்மிடம் கற்றுக்கொள்கிறவர்களுக்கு அவர் வாக்குக்கொடுப்பது அவர்களுடைய ஆத்துமாக்களுக்கு இளைப்பாறுதல்.

தம்மைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்த பேதுருவை அவர் எப்படி நடத்தினார் என்று பாருங்கள். பேதுரு மறுதலித்தபோது குளிர்காய்ந்துகொண்டிருந்தது கரிநெருப்பில். உயிர்த்தெழுந்த பிறகு கடற்கரையில் ஆண்டவர் மூட்டியிருந்ததும் கரிநெருப்பு. முதலில் சாப்பாடு கொடுத்தார். அப்புறம்தான் 'என்னை நேசிக்கிறாயா' என்று கேட்டார், மூன்று தடவை. வலித்தது, பேதுரு துக்கப்பட்டான் என்றே எழுதியிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் ஆடுகளை அவன் கையில் கொடுத்துக்கொண்டே இருந்தார். வலியே இருக்காது என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். பவுல் தன்னை உயர்த்தாதபடிக்கு மாம்சத்தில் ஒரு முள் கொடுக்கப்பட்டது, மூன்று தடவை வேண்டியும் அது எடுக்கப்படவில்லை. முள்ளோடு கூடவே கிடைத்தது "என் கிருபை உனக்குப் போதும்" என்கிற வார்த்தை. தைரியமாகக் கேளுங்கள்.

ஊழியத்தை விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு என் பதில்: இப்போது வேண்டாம். இந்த நிலைமையில் விட்டால், அது தாழ்மையால் விட்டதா, காயப்பட்டதால் விட்டதா என்று உங்களுக்கே தெரியாது. அப்பொல்லோவை நினைத்துப் பாருங்கள். வசனத்தில் வல்லவர், ஆவியில் அனலுள்ளவர், ஆனால் யோவான்ஸ்நானன் கொடுத்த ஞானஸ்நானத்தை மட்டுமே அறிந்திருந்தார். கூடாரம் செய்து பிழைத்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும், ஒரு கணவனும் மனைவியும், அவரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு இன்னும் திட்டமாக விளக்கினார்கள். அவர் பிரசங்கத்தை நிறுத்தவில்லை. அகாயாவுக்குப் போய் அங்கிருந்த விசுவாசிகளுக்கு மிகவும் உதவியாக இருந்தார் என்றுதான் அடுத்த வசனம் போகிறது. உங்கள் போதகரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். சில மாதங்கள் ஓய்வு எடுக்கச் சொன்னால் எடுங்கள். அது வேறு.

இதை வாசிக்கிற வேறு சிலருக்காக ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். உங்களை மிதிக்கிறவர்களும் 'தாழ்மையாயிரு' என்று உங்களிடம் சொல்லக்கூடும். வீட்டில் அடிக்கிறவன் சொல்லலாம், கணக்கு காட்ட மறுக்கிற தலைவன் சொல்லலாம். இந்தக் கடிதத்தில் நான் எழுதியது எதுவும் அதற்கு இணங்கிப்போகச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரோமர் 12:3 கேட்பது தன்னைப் பற்றித் தெளிந்த எண்ணம். தேவசாயலில் படைக்கப்பட்டவர் என்பதும் அந்தத் தெளிவில் சேரும்.

மறுபடியும் உங்களிடம் வருகிறேன் சகோதரரே. தவறு வகுப்பில் எல்லார் முன்பும் நடந்தது. அதனால் திருத்தமும் வகுப்பில் எல்லார் முன்பும் நடக்கட்டும். ஆனால் சுருக்கமாக. "நான்கு மாதத்துக்கு முன் சவுல் குதிரையிலிருந்து விழுந்தார் என்று சொன்னேன். அது வேதத்தில் இல்லை. தம்பி சொன்னதுதான் சரி." இவ்வளவு போதும். 16 வருடம் போதித்த பழக்கம் உங்களை விடாது, இதையே தாழ்மையைப் பற்றிய ஒரு பாடமாக்கச் சொல்லும். ஆக்காதீர்கள். உபவாசித்ததைச் சொல்லாதீர்கள். கண் கலங்கினால் கலங்கட்டும், ஆனால் அதைப் பேச்சில் நீட்டாதீர்கள்.

அவனிடம் தனியாகவும் ஒருதரம் பேசுங்கள். இந்த நான்கு மாதத்தில் அவனிடம் முகம்கொடுக்காமல் இருந்திருந்தால், கடுகடுத்திருந்தால், அதற்கு மன்னிப்பு கேளுங்கள். உங்கள் மனதில் அவனைப் பற்றி ஓடின எண்ணங்களையெல்லாம் அவனிடம் கொட்டவேண்டாம். அது உங்களுக்குப் பாரம் இறக்கினதுபோல இருக்கும், 22 வயதுப் பையன் அதைச் சுமந்துகொண்டு போவான். அவற்றை ஆண்டவரிடம் சொல்லுங்கள். தினமும் அவன் பேரைச் சொல்லி, அவன் படிப்புக்காக, வேலைக்காக, அவன் வீட்டாருக்காக ஜெபியுங்கள். முதல் சில நாட்கள் வாய் மட்டும்தான் ஜெபிக்கும். பரவாயில்லை.

முடிந்தால் அவனிடம் ஒரு உதவியும் கேளுங்கள். அடுத்த பாடத்தைத் தயாரித்ததும், வகுப்புக்கு முன்னால் அவனிடம் ஒரு தடவை காட்டி, வசனத்தோடு ஒத்துப்பார்க்கச் சொல்லுங்கள். அவன் ஏதாவது கண்டுபிடித்தால், "நல்லா கவனிச்சிருக்கே" என்று சொல்லாமல், "சரி, மாத்திடறேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

அந்த முதல் பாடம் அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரமாகவே இருக்கட்டும். 8-ஆம் வசனத்தை அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம், உங்கள் மனைவி என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.